நீங்கள் புரட்டிப் பார்த்த பாவாடை ஓரம்

அக்கா,

இந்த வருஷக் கைக்குட்டைகளுக்காக வாங்கிய மல் துணியை இன்று காலை வாளித் தண்ணீரில் நனைத்தேன். புதுத்துணியிலிருந்து கஞ்சி இறங்கும்போது ஒரு வாசனை வருமே, ஊறிய பச்சரிசிக்கும் மழை விழுந்த சுவருக்கும் நடுவில் ஒன்று, அது எழுந்தது. "இந்த வாசன வந்தாத்தான்டி ஒங்க பண்டிக வருதுன்னு அர்த்தம்" என்பீர்கள். துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். உலை வைக்க வேண்டிய நேரம். வைக்கவில்லை.

நீங்கள் எழுத்துப் படிக்காதவர். நீங்கள் இருந்தபோது நான் எழுதியிருந்தால் உங்கள் வீட்டுக்கார அண்ணன்தான் படித்துக் காட்டியிருக்க வேண்டும். அவர் வாயால் நீங்கள் கேட்கக் கூடாத விஷயம் என்பதால்தான் கார்டு வாங்கி வைத்தும் எழுதாமல் இருந்தேன். இப்போது நடுவில் யாரும் இல்லை.

ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்டு ஆலை வேலைக்கு இவர் வந்து சேர்ந்த வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிற வீடுகள். என் தலைப்பிள்ளை எட்டாம் மாதத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டிருந்தது. புது ஊரில் என்னோடு பேச ஆள் இல்லை. பண்டிகை வந்தது. கையில் காசும் இல்லை, வெறுங்கையோடு பண்டிகையைக் கும்பிட மனசும் இல்லை. வரிசையில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் ஆளுக்கொரு கைக்குட்டையாவது தைத்துக் கொடுப்போம் என்று துணியை விரித்து உட்கார்ந்தேன். நீங்கள் முறத்தோடு வாசலில் வந்து நின்றீர்கள்.

"என்னம்மா, கல்யாண வூடு மாதிரி துணியப் பரப்பி வச்சிருக்க?"

"கிறிஸ்துமஸ் வருதுக்கா. எல்லாருக்கும் ஏதாச்சும் கையால செஞ்சு குடுக்கலாம்னு."

"எல்லாருக்கும்னா, எங்களுக்குமா?"

"ஒங்களுக்கு இல்லாமயா?"

"அப்ப எனக்குத் தர்றத நானே தச்சிக்கிறேன். ஊசியக் குடு."

இடது கையை நீட்டி ஊசியை வாங்கினீர்கள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "நொட்டாங்கைதான். எங்கம்மா சூடு வச்சுக்கூடப் பாத்துச்சு, திருந்துனேனா?" என்று சிரித்தீர்கள். அன்று சாயங்காலத்துக்குள் கைக்குட்டையில் பாதி உங்கள் கையில் முடிந்திருந்தது.

அதற்கப்புறம் கார்த்திகை பிறந்தாலே நம் இரண்டு பேருக்கும் மத்தியானத் தூக்கம் போய்விடும். ஆலைச் சங்கு ஊதி ஆம்பளைகள் ஷிப்டுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவோம். சாத்தாவிட்டால் வெள்ளைத் துணியெல்லாம் சிமெண்டு படிந்து சாம்பலாகிவிடும். அத்தைக்கு வெல்வெட்டுத் துண்டில் செபமாலைப் பை. என் நாத்தனாருக்குக் கிளி போட்ட தலையணை உறை. அரியலூரில் இருக்கும் என் சிநேகிதிக்கு வயர் கூடை. சிமெண்டுச் சாக்குத் தாளைப் பசையில் நனைத்துக் குடிலுக்கு மலை செய்வது உங்கள் வேலை. "ஒங்க சாமி எங்க ரஞ்சன்குடிக் கோட்டையில பொறந்த மாதிரி இருக்குடி" என்று நீங்களே மெச்சிக்கொள்வீர்கள்.

நான் தையல் கற்றது யாரிடமும் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். கிழிந்த சட்டையைப் பிளேடால் பிரித்து, எந்தத் துண்டு எதோடு சேர்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றது. பிரித்த நூலைக்கூட எறியமாட்டேன். ரீலில் சுற்றி வைப்பேன். "பிரிச்சுப் பாக்காம ஒனக்குச் சோறு எறங்காது" என்று கேலி செய்வீர்கள். அப்போது அது வெறும் கேலிதான்.

ஒருநாள், என்ன பேச்சில் வந்தது என்று நினைவில்லை, தையலை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள். "வளகாப்புக்குப் போனா என்னய பின்னாடி நிக்கச் சொல்லுவாங்கடி. காதுகுத்துக்குப் போனா புள்ளயத் தூக்கிட்டு உள்ள போயிடுவாங்க. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா உள்ள போயிடுவாங்க. ஒங்க பண்டிகையில அதெல்லாம் பாக்கிறதில்ல. யாரு செஞ்சாலும் வாங்கிக்கிறீங்க. அதான் எனக்கு இந்தப் பண்டிக மேல ஆச."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்க வேதத்துல அந்த மூடநம்பிக்கையெல்லாம் கெடையாதுக்கா" என்றேன். பெருமையாகச் சொன்னேன். வயிற்றிலேயே பிள்ளை கலைந்து கலைந்து போன உங்களுக்கு அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு பெரிய வாக்காகப் பட்டிருக்கும் என்று யோசிக்காமல் சொன்னேன்.

அமலி பிறந்தாள். அந்த வருஷப் பண்டிகைக்கு நீங்கள் ஒரு கவுன் தைத்தீர்கள். மஞ்சள் நிறத்தில் மெல்லிய வாயில் துணி, கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்னச் சுருக்கம். காலைப் பூசைக்கு அதைப் போட்டுத்தான் தூக்கிப்போனேன். கோவில் வாசலில் நீங்கள் அவளை வாங்கி, கூட்டத்துக்கு நடுவில் நின்று, "நான் தச்சதாக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாரும் உள்ளே போகவில்லை. அன்றைக்கு உங்கள் முகம் இருந்த இருப்பை நான் மறக்கவே முடியாது. நான் மறக்க முடியாதவற்றில் சந்தோஷமானது அது ஒன்றுதான்.

மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ராத்திரிக்குள் வலிப்பு. அரியலூர் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். வந்த பிறகு அத்தை அடுப்படியில் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். "அவ நல்லவதான். நான் இல்லங்கல. ஆனா புள்ள இல்லாதவ கையால தச்சதப் புள்ளைக்குப் போடலாமா? ஒண்ண ஏற்கனவே குடுத்துட்டு நிக்கிற. பாத்துக்க."

இது பாவம், இப்படி நினைப்பதே பாவம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயந்தேன். ஒரு பிள்ளையை மண்ணுக்குள் வைத்தவளின் பயம் ஞானோபதேசம் கேட்காது, அக்கா. இதை நியாயமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அடுத்த வருஷம் நீங்கள் ரோஜா நிறத்தில் கவுன் கொண்டுவந்தபோது வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நீங்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டுப் பிளேடை எடுத்தேன். போடாமல் விட்டால் உங்கள் மனசு நோகும். போட்டால் என் மனசு கிடந்து அடிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். துணி உங்களுடையதாக இருக்கட்டும், தையல் மட்டும் என்னுடையதாக இருக்கட்டும். திரு இருதயப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துதான் பிரித்தேன். கழுத்து, தோள், பக்கம், ஓரம், எல்லாம். பிரித்த நூலை வீணாக்காமல் ரீலில் சுற்றி, அதே நூலால், நீங்கள் போட்ட அதே ஊசித்துளைகளில் திரும்பத் தைத்தேன். முடிந்ததும் எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஒருத்தர் மனசும் நோகாமல் காரியம் முடித்ததாக அன்றைக்கு நன்றியாக ஒரு செபமாலை சொன்னேன்.

கோவில் வாசலில் வழக்கம்போல அமலியை வாங்கினீர்கள். "அளவு சரியா இருந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே கவுனை நீவிவிட்டீர்கள். ஓரம் கைக்கு வந்தது. அதைப் புரட்டிப் பார்த்தீர்கள். கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். திரும்ப மடித்து விட்டுவிட்டு, "அழகா இருக்கா" என்றீர்கள். அன்று யாரிடமும் "நான் தச்சது" என்று நீங்கள் சொல்லவில்லை. நான் அதைக் கவனித்தேன். குளிர் போலிருக்கிறது, பேச்சில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறு வருஷமும் தைத்தீர்கள். நான் மறுபடியும் பிரித்தேன். நீங்கள் மறுபடியும் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தீர்கள்.

அதற்கடுத்த பண்டிகைக்கு ஒரு பொட்டலத்தை என் மடியில் வைத்தீர்கள். பிரித்தால், நீலத் துணி. முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டி எல்லாம் அளவாக வெட்டி, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தது. கூடவே ஒரு நூல் ரீல். அதில் ஊசி குத்தியிருந்தது. ஒரு தையல்கூடப் போடவில்லை.

"என்னக்கா இது?"

"வெட்டி வச்சிட்டேன். நீயே தச்சுக்க."

"ஏன்க்கா, ஒங்களுக்கு ஒடம்பு முடியலயா?"

"ஒடம்புக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். நான் தச்சா நீ உக்காந்து பிரிக்கணும், அப்புறம் தைக்கணும். பண்டிக நேரத்துல ஒனக்கு எதுக்குடி ரெட்ட வேல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். குத்திக் காட்டுகிற சிரிப்பாக இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன், காலில் விழுந்திருப்பேன். அது அப்படி இல்லை. நிஜமாகவே என் வேலையைக் குறைத்துக் கொடுக்கிறவர் சிரிப்பாக இருந்தது. நான் ரீலில் குத்தியிருந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "காப்பி போடவா அக்கா?" என்றேன். "போடு, சர்க்கர கம்மியா" என்றீர்கள். அந்த விஷயத்தை நாம் பேசியது அவ்வளவுதான்.

நீங்கள் போன பிறகு பெட்டியிலிருந்து நீங்கள் தைத்த பழைய கைக்குட்டை ஒன்றையும் நான் தைத்தது ஒன்றையும் எடுத்து வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஓரம் மடித்துத் தைக்கும்போது என் தையல் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உங்களுடையது அதற்கு எதிர்ப்பக்கம். இடது கைக்காரர் தையல் அப்படித்தான் சாயும். நூல் ஒன்று, துளை ஒன்று, சாய்வு மட்டும் வேறு. ஐந்து பைசா கணக்கில் இடித்தால் கண்டுபிடிக்கிற எனக்கு அது கண்ணில் படவில்லை. உங்களுக்கு முதல் வருஷமே பட்டுவிட்டது.

அப்புறமும் வருஷாவருஷம் வெட்டிய துணி வந்துகொண்டுதான் இருந்தது. அமலியை நிற்கவைத்து அளவுகூட எடுக்கமாட்டீர்கள். கண்ணாலேயே வெட்டுவீர்கள். ஒரு தடவைகூட அக்குளில் பிடித்ததில்லை. கோவிலில் பெண்கள் என்னிடம், "எப்படித்தான் இவ்வளவு அழகா தைக்கிறீங்களோ" என்பார்கள். நீங்களும் பக்கத்தில் நின்று, "ஆமா, நல்ல கை இவளுக்கு" என்பீர்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கமென்று நினைத்திருப்பார்கள்.

அமலி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு அண்ணனுக்கு வேலை முடிந்து நீங்கள் உங்கள் ஊரான பாடாலூருக்கே போய்விட்டீர்கள். பஸ் ஏறுகிற அன்றும் அவள் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்துவிட்டு, "பெரியம்மாவ மறந்துடாத. போயிட்டு வரேன்" என்றீர்கள். அதன்பிறகு துணி வரவில்லை. நானும் வரவில்லை. இங்கிருந்து பெரம்பலூர் போய் இன்னொரு பஸ் மாறினால் பாடாலூர். அப்படியொன்றும் தூரமில்லை. உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கிருந்த கூச்சந்தான் தூரம்.

போன வருஷம் பண்டிகைக்கு முந்தின வாரம் அண்ணன் வந்தார். ஆளே பாதியாகியிருந்தார். உங்கள் வயிற்றில் கட்டி என்றும், திருச்சியில் பார்த்துவிட்டு வீட்டுக்கே கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள் என்றும் சொன்னார். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார்.

"படுத்துக்கிட்டே தச்சுதும்மா. வேணாம்னாலும் கேக்கல. 'இந்தத் தடவ தச்சே அனுப்புறேன், மனசிருந்தா போட்டு விடச் சொல்லுங்க'ன்னுச்சு. என்னமோ, ஒனக்குப் புரியும்னுச்சு."

புரிந்தது, அக்கா. நீங்கள் எனக்கு இன்னொரு வாய்ப்புத் தந்தீர்கள்.

பச்சைப் பாவாடை. இடுப்புப்பட்டியிலிருந்து ஓரம் வரை உங்கள் கை. நடுநடுவே தையல் கோணிக்கொண்டு போயிருந்தது. வலி வந்த இடமாக இருக்கும். அதில் என் கை படக்கூடாது என்று அன்றைக்கே மனசில் முடிவு செய்துகொண்டேன். அத்தை போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. பயம் எப்போது போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. வெட்கம் மட்டும் இருந்தது.

பண்டிகைக்கு முந்தின நாள் அமலிக்குக் கட்டிப் பார்த்தால் பாவாடை தரையில் புரண்டது. நீங்கள் அவளைப் பார்த்து அஞ்சாறு வருஷம். வளர்ந்திருப்பாள், வளர்ந்திருப்பாள் என்று மனசிலேயே அவளை வளர்த்து, அந்த உயரத்துக்குத் தைத்துவிட்டீர்கள். அவள் அந்த அளவுக்கு வளரவில்லை. நடந்தால் தடுக்கிற்று. "எம்மா, விழுந்துடுவேன்மா" என்றாள். வேறு வழியில்லாமல் ஓரத்தை மட்டும் இன்னொரு மடிப்பு உள்ளே மடித்துத் தைத்தேன். உங்கள் தையல் ஒன்றையும் பிரிக்கவில்லை. நீங்கள் தைத்த ஓரம் அப்படியே முழுசாக என் மடிப்புக்குள் இருந்தது. சந்தோஷமாகத் தைத்தேன், அக்கா. நாளை மறுநாள் உங்கள் முன்னால் அவளைக் கொண்டுவந்து நிறுத்தப்போகிறேன் என்ற சந்தோஷம்.

பண்டிகைக்கு மறுநாள் நாங்கள் பாடாலூர் வந்தபோது கயிற்றுக் கட்டிலில் சுருண்டு கிடந்தீர்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தீர்கள். "வாடி, வா. ஏ அமலி, என்னடி இது, கொமரியாயிட்ட? கிட்ட வா, பெரியம்மா கடிச்சிட மாட்டேன்." அவள் கிட்டே வந்தாள். பாவாடையைப் பார்த்ததும் உங்கள் கண் பெரிசாகிற்று. தடவினீர்கள். முழங்கால், அதற்குக் கீழே, ஓரம். ஓரத்தைப் புரட்டினீர்கள்.

புரட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. மேலே தெரிந்தது என் தையல். என் பக்கமே சாய்ந்திருந்தது.

"நீளம் ஜாஸ்தியா இருந்துச்சுக்கா, அதான் ஓரத்த மட்டும்…" என்றேன். பொய் சொல்கிறவள் குரல் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது என் குரல்.

"ஆமாமா, ஜாஸ்தியாத்தான் வச்சிட்டேன் போல" என்றீர்கள். ஓரத்தை மெதுவாக மடித்து, நீவி விட்டீர்கள். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "நல்லாத் தச்சிருக்கடி. இப்பல்லாம் என்னயவிட நல்லாத் தைக்கிற."

அந்த ஓரத்தை இன்னொரு விரற்கடை விரித்துக் காட்டியிருந்தால் போதும். இடுப்புப்பட்டியைத் திருப்பி, "இந்தாங்க, பாருங்க, இது ஒங்க கைதான்" என்று சொல்லியிருந்தால் போதும். ஏன் சொல்லவில்லை? "இந்தத் தடவ நான் பிரிக்கலக்கா" என்று சொல்ல வேண்டுமானால், அந்தத் தடவைகளில் பிரித்தேன் என்று முதலில் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் நாம் இரண்டு பேரும் வாயால் தொடாத ஒன்றை, நீங்கள் சாகக் கிடக்கும்போது எடுத்து நடுவில் வைக்க எனக்கு நெஞ்சில் தெம்பில்லை. அண்ணன் காப்பி கொண்டுவந்தார். உங்கள் கொழுந்தன் மனைவி வந்து அமலியின் படிப்பை விசாரித்தாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றார்கள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "மறுபடியும் வரேன்க்கா" என்றேன். "வா வா" என்றீர்கள். தவக்காலத்தில் அண்ணனிடமிருந்து கார்டு வந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு போட்டிருந்தார்.

அமலி இந்த ஒரு வருஷத்தில்தான் ஓங்கி வளர்ந்தாள். பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து என் மடிப்பைப் பிரித்துவிட்டேன். உள்ளே இருந்து உங்கள் ஓரம் இறங்கியது. வெயில் படாததால் அந்த இடம் மட்டும் புதுப் பச்சையாக இருந்தது. தையல் ஒன்றுகூட விடவில்லை, எல்லாம் உங்கள் பக்கமே சாய்ந்திருந்தன. கட்டிப் பார்த்தால் கச்சிதமாகக் கணுக்காலைத் தொட்டு நின்றது. நீங்கள் ஒரு வருஷம் முன்கூட்டி அளவெடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

"இந்தத் தையல் வேற மாதிரி இருக்கேம்மா?" என்றாள் அமலி. எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு வலிப்பு வந்ததிலிருந்து பாடாலூர்க் கட்டில் வரைக்கும். கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "பெரியம்மாகிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டாள். குழந்தைதானே. அவளுக்கு அது அவ்வளவு சுலபமாகத் தெரிந்தது. யோசித்துப் பார்த்தால் அவ்வளவு சுலபமானதுதான்.

நேற்று பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். பழையதைப் பல தடவை சொல்லி மன்னிப்பு வாங்கியாயிற்று. இந்தக் கடைசியைத்தான் இப்போது சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "கடைசியில நீ ஒண்ணும் தப்பு பண்ணலயேம்மா. நீ பிரிக்கலன்னு ஆண்டவருக்குத் தெரியும். மனசப் போட்டு வருத்திக்காத" என்றார்.

ஆண்டவருக்குத் தெரியும், அக்கா. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. உங்களுக்குத் தெரியாதே.